போர் நிற்பதும் போர் முடிவதும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

     

வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுப் பக்கம் பிழைக்க வந்தவர்களும், கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறி இடுக்கி மலைகளுக்கு வந்தவர்களும், ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பந்தலின்கீழ்க் கூடும் நன்னாள் இது. இந்நாளில் போரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். போர் எவ்வாறு முடிகிறது என்பதைப் பற்றியே யாம் பேச வந்துள்ளோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனிப் பிள்ளைகள் சிலரைப் பாலக்காட்டுக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அகழியைக் கண்டார்கள், தடித்த மதிலைத் தடவிப் பார்த்தார்கள், ஆஞ்சநேயர் கோயிலில் வணங்கினார்கள். திரும்பும்போது ஒரு சிறுவன், "இந்தக் கோட்டையில் கடைசியாக வென்றவர் யார்?" என்று கேட்டான். யாம் வரிசையாகச் சொன்னோம். இன்றுள்ள கோட்டை 1766இல் ஐதர் அலி எழுப்பியது. 1768இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் வுட் அதைப் பிடித்தார். சில திங்களில் ஐதர் அதை மீட்டார். 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பிடித்தார். மறு ஆண்டே ஆங்கிலேயர் அதை விட்டுச் சென்றனர். 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் மீண்டும் பிடித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தச் சிறுவன், "அப்படியென்றால் சண்டை எப்போதுதான் முடிந்தது?" என்றான். எமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்லாமற்போன விடையே இன்றைய இப்பேச்சு.

பெருமக்களே! பழந்தமிழர் போரையும் துறை துறையாக வகுத்தவர்கள். பகைவன் மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து மதிலைக் காப்பதற்கு நொச்சி என்றும் புறப்பொருள் நூலார் பெயரிட்டனர். வளைத்தவன் உழிஞைப் பூவைச் சூடுவான். காப்பவன் நொச்சிப் பூவைச் சூடுவான். முற்றுகை நீள நீள, உள்ளே நெல் குறையும், கிணறு வற்றும், நோய் பரவும். ஒரு நாள் மதில்மேல் வெள்ளைக் கொடி ஏறும்; தூதுவன் வருவான்; பேச்சு நடக்கும். சரணடைதல் என்பது கை தூக்கி நிற்பது மட்டுமன்று. அது எழுத்தில் அமையும் ஓர் உடன்படிக்கை. படைவீரர் படைக்கலத்தோடு வெளியேறலாமா, அவற்றைப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டுமா? காயம்பட்டோரைப் பார்ப்பவர் யார்? ஊர் மக்களின் வீடும் பொருளும் என்னாகும்? இவற்றையெல்லாம் கூறு கூறாக எழுதி இருவரும் கையொப்பமிட்ட பிறகே கதவு திறக்கும்.

இதைத் தமிழில் அடைக்கலம் என்ற சொல்லோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். அடைக்கலம் புகுந்தவனுக்குக் கடமை ஒன்றுதான்: வாளைக் கீழே வைப்பது. அதன்பின் கடமை முழுவதும் ஏற்றுக்கொண்டவனைச் சேர்ந்தது. ஆகவே தோற்றவன் வாளை வைத்தால் போர் நிற்கும். வென்றவன் சொல்லைக் காத்தால்தான் போர் முடியும். இதற்கு நாம் வாழும் மண்ணே சான்று.

முதலில், பாலக்காட்டுக் கோட்டைக்காக இத்தனை பேர் ஏன் மோதிக்கொண்டார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போல் நிற்கிறது. அதில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். நாம் பேருந்திலும் இரயிலிலும் ஊருக்குப் போய்வரும் இதே வழியில்தான் அன்று பீரங்கிகளும் மாட்டு வண்டிகளும் போயின. கோயம்புத்தூர்ச் சமவெளியையும் மலையாளக் கரையையும் ஒருங்கே ஆள நினைப்பவன் இவ்வாயிலைத் தன் கையில் வைத்திருக்கவேண்டும்.

1783ஆம் ஆண்டு கர்னல் புல்லர்ட்டன் தெற்கிலிருந்து ஆனைமலைக் காடுகளின் வழியாகப் படை நடத்தி வந்தார். விடாத மழையில் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு வந்து கோட்டையை முற்றினார். நவம்பரில் கோட்டை பணிந்தது. அம்மாத இறுதிக்குள் கோயம்புத்தூரும் அவர் கைக்கு வந்தது. ஆனால் அப்போதே வேறோரிடத்தில் அமைதிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மங்களூரில் ஆங்கிலேயப் படையொன்றைத் திப்பு சுல்தான் 1783 மே திங்கள் முதல் வளைத்திருந்தார். உள்ளிருந்தோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். 1784 சனவரி 30இல் படைத்தலைவர் காம்பெல் கோட்டையை ஒப்படைத்தார். திப்பு சொன்ன சொல்லைக் காத்தார். எஞ்சியோர் மதிப்புடன் வெளியேறித் தலச்சேரிக்குச் செல்ல விட்டார். மார்ச் 11இல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்த ஊர்களை இரு தரப்பாரும் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் சாரம். மழையில் நனைந்து பிடித்த பாலக்காடு கைவிட்டுப் போயிற்று. போர் நின்றது, எனினும் எவருக்கும் மனநிறைவில்லை.

ஆறாண்டுகள் கடக்குமுன் மீண்டும் நெருப்புப் பற்றியது. கொடுங்கல்லூர், பள்ளிப்புறம் கோட்டைகளை டச்சுக்காரரிடமிருந்து திருவிதாங்கூர் அரசர் விலைக்கு வாங்கியது திப்புவுக்குப் பிடிக்கவில்லை. 1789 டிசம்பர் இறுதியில் அவர் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார். திருவிதாங்கூரின் துணைவரான ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். மராத்தியரும் ஐதராபாத் நிசாமும் அவர்களோடு சேர்ந்தனர். இதுவே மூன்றாம் மைசூர்ப் போர்.

1790ஆம் ஆண்டு சூலையில் ஆங்கிலேயர் கோயம்புத்தூரைப் பிடித்தனர். அங்கிருந்து கர்னல் ஸ்டூவர்ட் பாலக்காட்டை நோக்கிப் புறப்பட்டார். கோயம்புத்தூரில் வானம் வெளுத்திருந்தது. கணவாயைத் தாண்டியதும் தென்மேற்குப் பருவமழை கொட்டியது. ஆறுகள் பெருக்கெடுத்தன; படை திரும்பியது. ஆடி மாதத்தில் ஊரிலிருந்து குடையில்லாமல் வந்து வாளையாற்றுக்கு இப்பால் நனைந்த அனுபவம் நம்முள் யாருக்குத்தான் இல்லை? கர்னலுக்கும் அதுவே நேர்ந்தது. அவர் திண்டுக்கல்லுக்குச் சென்று ஆகஸ்டில் அக்கோட்டையைப் பணிய வைத்தார். மழை தணிந்தபின் திரும்பி வந்தார். செப்டம்பரில் பாலக்காடு பணிந்தது.

மறு ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். கோயம்புத்தூரில் சால்மர்ஸ் என்னும் இளம் அதிகாரி, சிறு படையோடும் திருவிதாங்கூர் வீரர் சிலரோடும் கோட்டையைக் காத்து வந்தார். 1791 ஆகஸ்டில் மைசூர்ப் படை ஏறித் தாக்கியபோது அதை முறியடித்தார். பிறகு திப்புவின் தளபதி கமருதீன் கான் பெரும்படையோடு வந்து வளைத்தார். பாலக்காட்டிலிருந்து புறப்பட்ட உதவிப்படை வந்து சேரமுடியவில்லை. நவம்பர்த் தொடக்கத்தில் சால்மர்ஸ் பணிந்தார். பணிந்தோர் பாலக்காட்டுக்குச் செல்லலாம் என்பது உடன்பாடு. அவ்வாறு செல்ல விடாமல் அவர்களைச் சீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டுசென்று சிறை வைத்தனர் என்று ஆங்கிலேய நூலோர் எழுதியுள்ளனர். மங்களூரில் காக்கப்பட்ட சொல் கோயம்புத்தூரில் முறிந்தது. அடைக்கலம் கேட்டவனிடம் சொன்ன சொல் ஒருமுறை முறிந்தால், அடுத்த முறை எவன் நம்பிக் கதவைத் திறப்பான்?

1792 பெப்ரவரி 6ஆம் நாள் இரவு ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தின் புறக்காவல்களைத் தாக்கினார். சில நாளில் திப்பு பேச்சுக்கு இணங்கினார். நிபந்தனைகள் கடுமையானவை. நாட்டிற் பாதியைத் தரவேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தரவேண்டும். சிறைப்பட்டோரை விடுவிக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் பிணையாகத் தம் மைந்தர் இருவரை ஒப்படைக்கவேண்டும். பெப்ரவரி 26இல் அப்துல் காலிக், முயிசுதீன் என்னும் இரு சிறுவர் யானைமேல் ஏறி ஆங்கிலேயர் பாசறைக்கு வந்தனர். மூத்தவனுக்குப் பத்து வயதளவு, இளையவனுக்கு எட்டு. மார்ச் 18இல் உடன்படிக்கை முடிந்தது. அரசர்கள் தொடங்கிய போரின் முடிவுக்குப் பிணையாகப் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் நின்றார்கள்! நம் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வயதுதான்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. சீரங்கப்பட்டணத்தில் சரணாகதியை ஏற்ற அதே காரன்வாலிஸ், பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர்த் தாமே சரணடைந்தவர். 1781 அக்டோபர் 19இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் அவர் படை பணிந்தது. உடல்நலமில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தம் துணைத் தளபதியை அனுப்பினார். வாஷிங்டனும், "என் துணைவரிடம் கொடுக்கட்டும்" என்னும் கருத்தில் அவரைத் தம் துணைத் தளபதியிடம் திருப்பிவிட்டார். அங்கே சண்டை ஓய்ந்தாலும், உடன்படிக்கை 1783 செப்டம்பரில்தான் கையெழுத்தாயிற்று. தோல்வியின் கசப்பை உண்டறிந்த அம்மனிதர், வென்றபோது திப்புவுக்கு நாட்டிற் பாதியை விட்டுவைத்தார். ஆயினும் மைந்தரைப் பிணையாகக் கேட்டார்.

மைந்தர் இருவரும் 1794இல் தந்தையிடம் திரும்பினர். ஆனால் தந்தையின் நெஞ்சில் பட்ட புண் ஆறவில்லை. வென்றோரின் ஐயமும் தீரவில்லை. ஏழே ஆண்டில் அடுத்த போர் மூண்டது. 1799 மே 4இல் தம் தலைநகரின் மதிலருகே திப்பு போரிட்டு மாண்டார்; இம்முறை அவர் சரணடையவில்லை.

1792இன் உடன்படிக்கை நம் எல்லையோரத்தை என்ன செய்தது? பாலக்காடு உள்ளிட்ட மலபார் கும்பினியாருக்குச் சென்றது; கோயம்புத்தூர் 1799 வரை திப்புவிடம் இருந்தது. ஒரே கணவாயின் இரு முனைகள் இரு வேறு ஆட்சிகளாயின. மலபாரின் சிற்றரசர்களையோ குடிகளையோ யாரும் கேட்கவில்லை. அதன் விளைவும் தெரிந்ததே. ஆங்கிலேயருக்குத் துணை நின்ற பழசி அரசரே பின்னர் அவர்களை எதிர்த்து வயநாட்டுக் காடுகளில் போரிட்டு, 1805 நவம்பர் 30இல் மாண்டார். சீரங்கப்பட்டணத்தில் மை காய்ந்து பதின்மூன்று ஆண்டுகள் சென்ற பின்னும், மலபாரில் போர் முடியவில்லை என்றுதானே பொருள்!

இது பழங்கதை என்று எண்ணவேண்டா. நம் பாட்டன்மார் காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஒரே நகரம் இரு சரணாகதிகளைக் கண்டது. 1942 பெப்ரவரி 15இல் ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல் சப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் பணிந்தார். மூன்றரை ஆண்டுகளில் காற்று திரும்பியது. 1945 ஆகஸ்ட் 15இல் சப்பானியப் பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தது; செப்டம்பர் 2இல் தோக்கியோ விரிகுடாவில் மிசௌரி என்னும் போர்க்கப்பலில் சப்பான் கையெழுத்திட்டது; செப்டம்பர் 12இல் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டனிடம் தென்கிழக்காசியச் சப்பானியப் படை பணிந்தது. அங்கும் தலைமைத் தளபதி தெராவுச்சி நோயுற்றிருந்தமையால், இத்தகாகி என்பவர் வந்து கையெழுத்திட்டார்.

உலகுக்கு அன்று போர் முடிந்தது. ஆனால் இலூபாங் என்னும் பிலிப்பீன் தீவின் காட்டில் ஓனோடா என்ற சப்பானிய வீரருக்கு முடியவில்லை. போர் முடிந்ததென்று துண்டுத்தாள்கள் வீசப்பட்டன. பகைவரின் சூழ்ச்சி என்று அவர் நம்ப மறுத்தார். 1974 மார்ச்சில், அவருக்கு முன்னர்க் கட்டளையிட்ட மேலதிகாரியே நேரில் சென்று ஆணையை வாசித்த பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார். ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள்! நம்பத்தக்க சொல் எட்டாதவரை ஒருவனுக்குப் போர் முடிவதில்லை.

நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அப்போர் எளிதில் முடியவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசென்றனர். காட்டிலும் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டவர் எண்ணற்றோர். திரும்பாதவனை எதிர்நோக்கியிருந்த ஒருத்திக்கு 1945 செப்டம்பர் 12 எதன் முடிவு?

வென்றவர் நடந்துகொள்ளும் முறைக்கு நம் நாடே ஒரு நல்ல சான்றைக் காட்டியுள்ளது. 1919இல் வெர்சேல்சு உடன்படிக்கை செர்மனியின்மேல் பெரும் தண்டத் தொகையைச் சுமத்தியது; இருபதே ஆண்டில் அதைவிடப் பெரிய போர் மூண்டது. அது ஒன்றே காரணமன்று எனினும், அந்தக் கசப்பும் ஒரு காரணம் என்பதை மறுப்பாரில்லை. விடுதலை பெற்ற இந்தியாவோ 1952 சூன் 9இல் சப்பானோடு தனியே அமைதி உடன்படிக்கை செய்தது. இழப்பீடு எதுவும் வேண்டா என்று விட்டுக்கொடுத்தது. அரசின் அப்பெருந்தன்மையை யாம் போற்றுகிறோம். ஆயினும் இரயில்பாதையில் மகனை இழந்த தாயின் கணக்கை எந்த அரசும் அவளுக்காகத் தள்ளிவிட இயலாது. அக்கணக்கை நினைவில் வைத்திருப்பது நம் போன்ற சங்கங்களின் கடமை. உங்கள் வீட்டில் மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பாதவர் பெயர் ஏதேனும் வழங்கி வந்தால், பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள் என்று வேண்டுகிறோம்.

அன்பர்களே! பேச்சை நம் வாசலுக்குக் கொண்டுவந்து முடிப்போம்.

இன்று நாம் வாழும் மாநில எல்லை வாளால் வரையப்பட்டதன்று. 1956 நவம்பர் 1இல் சட்டத்தால் வரையப்பட்டது. அதுவரை சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் எம்மருங்கு சேரவேண்டும் என்று அன்று பெரும் வழக்காடினர். அவை கேரளத்திலேயே நின்றன. முல்லைப் பெரியாற்று நீருக்கோ 1886ஆம் ஆண்டிலேயே 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. எல்லாம் எழுத்தில்தான் இருக்கின்றன. எனினும் 2011 டிசம்பரில் அந்த அணையைப் பற்றிய பூசல் மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல அஞ்சிக் குழந்தைகளோடு மலையிறங்கித் தேனிப் பக்கம் சென்றதை நாம் மறக்கவில்லை. எல்லைக்கு அப்பால் கடை வைத்திருந்த மலையாளக் குடும்பங்களும் அவ்வாறே அஞ்சி நடுங்கின. அன்று அணைக்கு இப்பாலும் அப்பாலும் கூச்சலிட்டவர்கள், "அவர்கள் பணியவேண்டும்" என்றே கூச்சலிட்டார்கள்.

பணிய வைப்பதால் என்ன நேரும் என்பதைப் பாலக்காட்டுக் கோட்டை ஐந்து முறை கை மாறிச் சொல்லிவிட்டது. பகை நாடுகளுக்குள்ளேயே அது நிலைக்கவில்லை என்றால், ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் அயலாருக்குள் அது நிலைக்குமா? காலையில் "ஏட்டா, சுகந்தானே?" என்று கேட்பவரும், "நல்லாயிருக்கேன் அண்ணே" என்று விடை சொல்பவரும் ஒருவரையொருவர் சரணடையச் செய்து வாழ முடியுமா?

உறையூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றியிருந்தான். உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தான். இருவரும் சோழர், இருவர் தலையிலும் ஆத்தி மாலை. கோவூர்கிழார் என்னும் புலவர் இடையே சென்று, எவர் தோற்றாலும் இழுக்கு அவர்களுடைய ஒரே குடிக்குத்தான் என்று இடித்துரைத்தார். அவர் எவரையும் பணியச் சொல்லவில்லை. இருவரையும் நினைவு கொள்ளச் சொன்னார். தமிழும் மலையாளமும் ஒரு குடிப்பிறந்த மொழிகள். நம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் இரண்டையும் கற்கிறார்கள். நாளை பூசல் மூளும்போது இடையே சென்று இரு தரப்பாருக்கும் புரியும் சொல்லில் பேசத் தக்கவர்கள் அவர்களே. நம்மைப் போல் எல்லையில் வாழ்பவர்க்குத்தான் கோவூர்கிழாரின் வேலை வாய்த்திருக்கிறது.

கோட்டை வாசலில் கேள்வி கேட்ட தம்பி இங்கேதான் அமர்ந்திருக்கிறான். அவனுக்கு விடை சொல்லி அமர்கிறோம். தம்பி! கோட்டைக் கதவு திறந்த அன்று சண்டை நின்றது. கொடுத்த சொல்லை வென்றவன் காத்து, கேட்டவன் அதை நம்பி, இருவர் வீட்டுப் பிள்ளைகளும் அச்சமின்றி அந்த அகழிக்கரையில் விளையாடும் நாளில்தான் சண்டை முடியும். நீ அன்று அங்கே விளையாடினாய் அல்லவா? அந்த நாள் நீடிக்கும்படி பார்த்துக்கொள்வது, எம் தலைமுறைக்குப் பின் உன் கையில் இருக்கிறது.